அக்கா போட்ட முடிச்சு

பிரிக்பீல்ட்ஸ்,
ஆகஸ்ட் 1989

கூச்சிங்கில் தானே பொங்கித் தின்று இளைத்துப் போயிருக்கும் என் தம்பி சபாபதிக்கு, அக்கா தனலெட்சுமி ஆசியோடு எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகம்.

கிள்ளானில் கல்யாண மண்டபம் பேசியாச்சு, பூவுக்கும் சொல்லியாச்சு. ஆனால் போன கடிதத்தில், "உனக்குக் கை வலிக்கும்க்கா, நாத்தனார் முடிச்சைச் சித்தி மகள் கோமதி போடட்டுமே" என்று எழுதியிருந்தாய் பார், பக்கத்தில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். அப்புறம் அழுதேன். சொல்வதற்கென்ன வெட்கம்.

இது உன் யோசனை இல்லையென்று தெரியும். பரிசம் போட்ட அன்று நான் சந்தனக் கிண்ணத்தை நீட்டியதும், பெண்ணின் பெரியம்மா என் குழி விழுந்த நகங்களைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். இது ஒட்டுகிற வியாதி இல்லை தம்பி. முழங்கையில் செதில் செதிலாய் உரிகிறதே, அதே சொரியாசிஸ்தான் மூட்டுக்கும் போயிருக்கிறதாம். உடம்பே தன் மூட்டைப் பகையாளி என்று நினைத்துச் சண்டை போடுகிறதாம். நல்ல கூத்து!

ஆள்காட்டி விரல் முழுசும் பிசாங் மாஸ் வாழைப்பழம் மாதிரி வீங்கிக் கிடந்தது. காலையில் மடக்கவே முடியாது. இப்போது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. மாத்திரை போட்ட மறுநாள் சோற்றைக் கண்டாலே குமட்டும். ஆனாலும் வீக்கம் வற்றி, மோதிரம் ஏறுகிறது. வளைந்துபோன நுனி மூட்டுதான் நிமிராது. மேற்கொண்டு கெடாமல் பார்க்கலாம், கெட்டதைத் திருப்ப முடியாது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்.

நம் ரயில்வே குவார்ட்டர்ஸ் நினைவிருக்கிறதா? அம்மா விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவார். நீ படியில் உட்கார்ந்து காலை நீட்டுவாய், நான் பள்ளிக்கூடச் சப்பாத்துக் கயிறு கட்டுவேன். ரயில் போனால் வீடே அதிரும். நீ பெட்டிகளை எண்ணிக்கொண்டே காலை ஆட்டுவாய், தலையில் ஒரு குட்டு வைப்பேன். ஒரு நாள் மழையில் ஊறிய சப்பாத்தைக் கழற்ற முடியாமல் உன் வாத்தியார் கயிற்றைக் கத்தரியால் வெட்டினாரே! "எங்க அக்கா போட்ட முடிச்சு சார், அவிழாது" என்று நீ பெருமையடித்ததைக் கேட்டு அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அம்மா இருந்திருந்தால் கோமதி பேச்சே எழுந்திருக்காது.

இப்போது தினமும் மஞ்சள் கயிற்றை உன் மாமா நாகையா கழுத்தில் கட்டிப் பழகுகிறேன். மனுஷன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "புருஷனுக்குத் தாலி கட்டுற பொம்பளைய இங்கதான் பார்க்கலாம் லா" என்கிறார். முதலில் கயிறு நழுவியது. பிறகு வளைந்த விரலை ஒதுக்கிவிட்டு, கட்டை விரலும் நடுவிரலுமாய்ப் பிடித்து இறுக்கினேன். நேற்றுப் போட்ட முடிச்சை அவிழ்க்க முடியாமல் அதோடேயே பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தார்.

கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். பெண்ணின் பெரியம்மாவுக்கு நீயே போன் போட்டு, இது ஒட்டாது, முடிச்சு அக்காதான் போடுவாள் என்று சொல். மேளக்காரரிடமும் சொல்லி வை, நான் கையை எடுக்கும் வரை கெட்டிமேளம் நிற்கக் கூடாது. பாவம் அக்கா என்று நீயும் உதவிக்குக் கை நீட்டாதே.

நீயும் காமாட்சியும் மனமொத்து நன்றாக இருக்க வேண்டும். அன்றைக்காவது காலை ஆட்டாமல் உட்கார்ந்திரு, தம்பி. அக்கா கட்டி முடித்துவிடுவேன்.

உன் அக்கா,
தனலெட்சுமி