தோல் அட்டையில் குங்குமம்

செல்லியம்மா,

வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. திருவாலங்காடு கோயிலுக்குப் போகிறேன். மத்தியானம் மெட்ராஸ் ஜெயராஜ் வருவார். எண் போட்டுச் சில பிரதிகளே அச்சிட்ட ஓவியங்கள் நிறைந்த அந்தக் காவியப் புத்தகத்தை, அவருடைய சேகரிப்புக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். நீயோ சரஸ்வதி பூசையில் அதன் தோல் அட்டைக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டாய். கேட்டால், "சாமிக்கு வெச்ச பொட்டு, இதுக்கு இன்னா இத்தினி பேஜாரு" என்கிறாய்.

கறையைத் துடைக்காதே, பொன்னெழுத்து போய்விடும். மறைக்கவும் கூடாது. முதலில் அட்டையைக் காட்டு, பிறகு படங்களை. வேண்டாமென்றால் அவர் இஷ்டம். சாப்பிடாமல் அனுப்பாதே.

பீரோ சாவி அரிசிப் பானைக்குப் பின்னால்.

அருணகிரி

பொட்டு வைத்தது யாரென்று கேட்டால், நான் என்று சொல். என் வீட்டுக்காரியைப் பார்த்து வெளியாள் சிரிக்கக் கூடாது. என் கோபம் இன்னும் தீரவில்லை; அது நமக்குள் இருக்கட்டும்.