பாதியில் நிற்கும் ஊர்வலம்

ட்ரெமே, நியூ ஆர்லியன்ஸ்
அக்டோபர் தொடக்கம், 1987

அன்புள்ள ரெமி அண்ணனுக்கு,

தங்கை செலஸ்டின் எழுதுவது. கோபன்ஹேகனில் குளிர் தொடங்கியிருக்கும். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. டிரம்பெட் ஊதுகிறவனுக்கு நெஞ்சுச் சளி ஆகாது. இங்கே இன்னும் புழுக்கம்தான். நூலக வேலை எப்போதும்போலப் போகிறது. மாலையில் வீட்டுக்கு வந்து, அப்பா பக்கத்து அறையில் கிதார் வாசிக்க, நான் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொள்கிறேன். சில வாரங்களாகப் பக்கம் திரும்புவதில்லை.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, சாவு ஊர்வலங்களை நடத்தும் நம் சங்கத்தின் மண்டபத்தில் அப்பாவின் நிகழ்ச்சி. இந்த ஊர் ப்ளூஸுக்கும் ஜாஸுக்கும் அவர் செலுத்தும் அஞ்சலி. வாழ்நாளெல்லாம் கிதார் வாசித்தும் ஒரு சாவு ஊர்வலத்தில்கூட வாசிக்க முடியாதவர் அவர். தெருவில், அத்தனை பித்தளை வாத்தியங்களுக்கு நடுவே, கிதார் யார் காதில் விழும்? நண்பர்களின் சவப்பெட்டிக்குப் பின்னால் வெறுங்கையோடு நடந்தவர், இப்போது மண்டபத்துக்குள் எல்லோருக்குமாக வாசிக்கப்போகிறார். பியானோ செனோபி அத்தைக்கு ஒரு துதிப்பாட்டு. தெருமுனையில் ப்ளூஸ் பாடிக்கொண்டிருந்த தியோவுக்கு ஒன்று. மேம்பாலம் கட்டுவதற்காக வெட்டிய கிளைபோர்ன் தெரு ஓக் மரங்களுக்கும், அவற்றோடு மூடிப்போன கடைகளுக்கும் ஒன்று. எல்லாம் மெதுவான பாட்டுகள்.

என் கவலை வேறு. அப்பாவின் இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது. உடனே அறுவை செய்ய வேண்டும் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். சம்மதக் கையெழுத்து கேட்டால் அப்பா, "கச்சேரி முடியட்டும்" என்கிறார். கச்சேரிக்கு அடுத்த வாரம் நாள் குறிக்கட்டுமா என்று கேட்டேன். "அப்புறம் எதுக்கும்மா?" என்றார், ரொட்டியைப் பீன்ஸில் தொட்டுக்கொண்டே.

போன ஞாயிறு மதியம் ஒத்திகை. டிரம் வாசிக்க யூலிஸ் மாமா வந்திருந்தார். வழக்கம்போல் டிரம்மின் அடிக்கம்பிகளுக்குள் கைக்குட்டையைச் செருகி, சத்தத்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கடைசித் துதிப்பாட்டு முடிந்தது. நம் ஊரில் பிறந்த எந்த டிரம்காரனும் செய்வதைத்தான் மாமா செய்தார்: கல்லறை வாசல்வரை மெதுவாக வாசித்து, அங்கே பெட்டிக்கு விடை கொடுத்ததும் எல்லோரும் ஆடிக்கொண்டே வீடு திரும்ப வாசிக்கும் வேகப் பாட்டுக்காகக் கைக்குட்டையை உருவப் போனார். அப்பா கிதாரை விட்டுவிட்டு டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எடுக்காதே."

"என்னடா அனடோல், விளையாடுறியா? பாதிச் சாவுக்கு எவன்டா டிக்கெட் வாங்குவான்?"

"முழுசா வேணும்னா கொஞ்சம் பொறு. ரொம்ப நாள் ஆகாது."

மாமா சிரிக்க வாய் திறந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. குச்சிகளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார். "செத்தவனை விடை கொடுக்காம வாசல்ல நிறுத்துனா, அவன் தனியா நிக்க மாட்டான்டா. துணைக்கு ஆள் கூப்பிடுவான். இதுக்கு நான் தட்ட மாட்டேன்" என்றார்.

அதற்கு அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எம் பொண்டாட்டி ஆறு வருஷமா அந்த வாசல்லதானே நிக்குறா, யூலிஸ். நான் மட்டும் ஆடிக்கிட்டு வீட்டுக்குப் போவேனா?"

அண்ணா, இதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. அம்மாவைப் புதைத்த அன்று உனக்குப் பத்தொன்பது வயது. கல்லறை வாசலில் எல்லோரும் உன் டிரம்பெட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, நீ அதைக் கீழே இறக்கிவிட்டுத் தனியாக நடந்துபோனாய். மகன் ஆரம்பிக்காத பாட்டை அடுத்தவன் ஆரம்பிப்பது மரியாதையில்லை என்று யாரும் ஊதவில்லை. கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. பெற்ற தாய்க்காக ஆட்டப் பாட்டு ஊத உனக்கு உதடு வரவில்லை என்பது எனக்கு அன்றே புரிந்தது. அதை நான் ஒருநாளும் தப்பென்று நினைத்ததில்லை. அப்பாவும் தப்பென்று சொன்னதில்லை. அவர் வேறொன்றைச் செய்துகொண்டிருக்கிறார். தாங்கள் படுக்கப்போகும் கல்லறையைப் பக்கத்தில் நின்று கட்டவைத்த எகிப்து அரசர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அப்பா அதைப் பாட்டால் கட்டுகிறார். அம்மா நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதற்குத்தான் இத்தனை மெதுவான பாட்டும். ஊரார் அதை அஞ்சலி என்று நினைத்து டிக்கெட் வாங்குகிறார்கள்.

நேற்று கறுப்புக் கோட்டை வெளுக்கப் போட்டார். சங்கத்துக்குப் போய், தன் ஊர்வலத்தில் முன்னால் நடக்க யாரை வைப்பார்கள் என்று விசாரித்தாராம். காலையில் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். என்னைக் கண்டதும் காலணிக் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டார். அவர் போட்டிருந்தது கயிறில்லாத செருப்பு.

நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள் என்று உனக்குத் தெரியும். கேட்கிறேன். அந்தச் சனிக்கிழமைக்கு வா. முன்கூட்டி அவரிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் நிகழ்ச்சியையே நிறுத்திவிடுவார். யூலிஸ் மாமாவிடம் மட்டும் பேசிவிட்டேன். "அந்தப் பய வர்றான்னா நான் தட்டுறேன். வரலைன்னா என் டிரம்மு வீட்டைவிட்டு வெளிய வராது" என்றார். மண்டபத்தின் பின்வரிசையில் நின்றுகொள். கடைசித் துதிப்பாட்டு முடிந்ததும் அப்பாவைக் கேட்காதே, என்னைப் பார்க்காதே, வேகப் பாட்டை ஆரம்பித்துவிடு. கைக்குட்டையை மாமா உருவிவிடுவார். அம்மா அந்த வாசலைவிட்டுக் கிளம்பிவிட்டாள் என்று அப்பா நம்பினால், திங்கட்கிழமையே அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவேன்.

உதடு வராது என்று எழுதிவிடாதே. வராவிட்டாலும் வா. கரகரத்தாலும், பாதியில் உடைந்தாலும் பரவாயில்லை. எப்படியும் ஒருநாள் நீ இந்த ஊருக்கு வந்து அந்தப் பாட்டை ஊதத்தான் போகிறாய், அண்ணா. அவர் காதில் விழும்போதே ஊது.

உன் மூச்சுக்கு எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,
உன் தங்கை
செலஸ்டின்