சிலுப்பாத கிடா

செஞ்சி, 14.7.66, வியாழன்

காற்று மட்டும். மழை இல்லை. தொண்டூர் லைனில் இரண்டு கரண்டு கம்பம் சாய்ந்ததாகத் தகவல். போய்ப் பார்த்தால் ஒன்றுதான், அதுவும் போன மாதமே சாய்ந்தது. சைக்கிள் பின் டயர் பஞ்சர். ஒட்டுகிறவன் அரை மணி நேரம் அரசியல் பேசினான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

என் மனைவி ல. இறந்து ஒரு வருஷம். நேற்றுத் திதி. வல்லத்தில் அவள் அண்ணன் வீட்டில், எல்லாம் மச்சானே முன்னின்று செய்தார். பாப்பாவும் அங்கேதான் வளர்கிறாள். இரண்டரை வயசு. பஜார் தெருவில் என் ஒற்றை அறையில் அவளை வைத்துக்கொண்டு லைன் பார்ப்பதா, கஞ்சி ஆற்றுவதா?

புறப்படும்போது மச்சான் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "அடுத்த வார ஞாயிறு முடி எறக்கிட்லாம் மாப்ள. தங்கச்சி நேந்துக்கினது. வருசம் திரும்பட்டும்னுதான் வுட்டு வெச்சேன்."

போன வருஷம் பாப்பாவுக்கு ஜுரம், வலிப்பு. ல. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்: முடியும் ஒரு கிடாவும். தன் கையாலேயே ஒரு குட்டியின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டினாள். பாப்பா பிழைத்தாள். மூன்று மாதத்தில் இவள் மஞ்சள் காமாலையில் போனாள்.

எனக்கு ஆத்தாளிடமும் நம்பிக்கை இல்லை, கிடாவிடமும் இல்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

16.7, சனி

மதியமே வல்லம். பிஸ்கட் பாக்கெட் வாங்கிப் போனேன். பாப்பா வாங்கினாள், நேரே போய்க் கிடாவிடம் கொடுத்துவிட்டாள்.

அவள் ஆட்கள்:
1. கிடா. பெயர் ம்மே.
2. வெள்ளைப் பசு. பெயர் பால்.
3. எருமை இரண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர், கருப்பு.
4. கோழிகள். எல்லாம் போ-போ. அக்கா (மச்சான் சம்சாரம், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவது) அவற்றை அப்படித்தானே விரட்டுகிறாள்.
5. நான். வாரத்தில் இரண்டு நாள்.

குளியல் வேடிக்கை. அக்கா அவளுக்கு ஒரு சொம்பு ஊற்றினால் அவள் கிடாவுக்கு ஒரு சொம்பு. முதுகில், தலையில். அது அசையாமல் நிற்கிறது.

"இன்னா மாப்ள பாக்குற? தெனம் இப்டிதான். கெடாவும் இல்லாங்காட்டி இவ குளிக்க மாட்டா" என்றாள் அக்கா. சிரித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

18.7, திங்கள்

வல்லத்தில் புது பம்ப்செட் இணைப்பு. 5 எச்.பி. மோட்டார் முதலில் தலைகீழாகச் சுற்றியது. இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தேன், சரி. பாப்பாவை சைக்கிள் பாரில் துண்டு சுற்றி உட்கார வைத்துக் கூட்டிப் போயிருந்தேன். வழியில் கண்ட எருமைக்கெல்லாம் கை ஆட்டல்.

சுவிட்ச் போட்டேன். தண்ணீர் கையளவு கனத்தில் பாய்ந்தது. கூடியிருந்தவர்கள் விசில். பாப்பா கிணற்றைச் சுற்றிப் பார்த்தாள்.

"நைனா, மாடு எங்க?"

இதுவரை கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்த மாடுகளைத் தேடுகிறாள். "மாடு வாணாம் பாப்பா. கரண்டு எறைக்கும்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பி வருகிற வழியில் ஒரு எருமைக்கும் கை ஆட்டவில்லை. என் வேலைக்கு இதுவரை வந்த ஒரே புகார் இது.

20.7, புதன்

மச்சானிடம் நேரடியாகக் கேட்டேன். வேறு கிடா நான் வாங்கித் தருகிறேன், இதை விட்டுவிடுங்கள்.

"இன்னா பேசுற நீ? மஞ்ச துணி கட்டினது அவ கை. வேற கெடாவ எப்டி குடுக்கிறது? செத்தவ வாக்கு மாப்ள அது."

"கொழந்த அதும் மேல உசுரா இருக்குது."

"நாலு நாளு அழும். மறந்துடும். அம்மாளயே மறந்துட்சே."

சைக்கிளை எடுத்தேன். பின்னாலிருந்து அவர், "நான் ஒண்ணும் கல்லு இல்ல" என்றார். யாரிடம் சொன்னார் தெரியவில்லை. தினமும் கிடாவுக்கு வேப்பந்தழை ஒடித்துப் போடுவதும் அவர்தான்.

21.7

ரேஷன் கடையில் வரிசை. சட்டை கிழிந்தது. கோயில் சாமான் சீட்டு: மஞ்சள், வேப்பிலை, பூ, தேங்காய் 5, புதுத் துணி, சந்தனம் (பாப்பா தலைக்கு). வாங்கி மச்சானுக்கு அனுப்பியாயிற்று.

24.7, ஞாயிறு

எழுதிவிட வேண்டும்.

காலையில் மச்சான் மடியில் உட்கார வைத்து முடி எடுத்தார்கள். அழவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம். அக்கா அவளை ஏரிப் பக்கம் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதுவரை எல்லாம் சரி.

பூசாரி கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் ஆத்தா ஏற்றுக்கொண்டாள், வெட்டலாம்.

சிலுப்பவில்லை. நின்றது. இன்னொரு சொம்பு. நின்றது. மூன்றாவது. பாப்பாவைத் தேடுகிற மாதிரி தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி நின்றது.

"ஆத்தா ஒத்துக்கல."

"ஊட்ல இன்னாவோ கொற இருக்குது."

"போனவளுக்கு மனசு ஆறல, வேற இன்னா?"

மச்சான் அப்படியே மண்ணில் விழுந்தார். நாற்பது வயசு ஆள். "தங்கச்சி, இன்னாம்மா கொற வெச்சேன்? ஒம் பொண்ண நான் பெத்ததாட்டம்தான பாத்துக்கிறேன்! சொல்லும்மா!" புழுதியில் முகம் தேய்த்து அழுதார். தூக்கப் போனவர்களை உதறினார்.

என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு குறையும் இல்லை, காரணம் எனக்குத் தெரியும். தெரிந்த கோளாறைச் சொல்லாமல் நிற்க எனக்கு வராது. வாய் தானாகத் திறந்தது.

"கொறையும் இல்ல ஒண்ணும் இல்ல. தெனம் தண்ணி ஊத்தி அதுக்குப் பழகிப்போச்சு. முதுகுல ஊத்தாதீங்க. காதுல ஊத்துங்க."

பூசாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். காதில் ஊற்றினார். தலையிலிருந்து வால் வரைக்கும் சிலுப்பியது. குலவை. பிறகு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மச்சான் என்னைக் கட்டிப்பிடித்து, "நீ படிச்சவன் மாப்ள, படிச்சவன்" என்றார். அவர் முகத்து மண் என் சட்டையில்.

சாப்பாட்டில் பாப்பா இலையில் ஒரு துண்டு வைத்தார்கள். நேர்ந்த பிள்ளை ருசி பார்க்க வேண்டுமாம். எடுத்து எறிந்தேன். பெண்டாட்டி ஞாபகம் என்று யாரோ சொன்னார்கள்.

கிளம்பும்போது பூசாரியிடம் கேட்டேன், சிலுப்பவே இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று.

"அஞ்சு தபா ஊத்துவோம். அப்பவும் இல்லன்னா வுட்ருவோம். ஆத்தாளே வாணாம்னா நமக்கு இன்னா? கோயில் கெடான்னு சுத்திக்கினு கெடக்கும்."

நான் வாய் திறந்தபோது மூன்று ஊற்றியிருந்தார்கள். இரண்டு பாக்கி.

25.7, திங்கள்

லீவு. வல்லத்திலேயே.

"ம்மே ஊருக்குப் போயிருக்குது" என்று அக்கா அவளிடம் சொல்லியிருக்கிறாள். போன வருஷம் ல. இறந்தபோது சொன்ன அதே வார்த்தை. அப்போது மூன்று நாள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

இந்தத் தடவை அழவில்லை, தேடவில்லை. என்னைத் தூக்கச் சொன்னாள். பசுவிடம் போனோம். தொட்டுப் பார்த்து, "இருக்குது" என்றாள். எருமை. "இருக்குது." கோழிக் கூடை. திறக்கச் சொல்லிப் பார்த்து, "இருக்குது." கடைசியில் என் மூக்கைத் தொட்டு அதே வார்த்தை.

இன்றைக்கு ஏழு முறை.

26.7, செவ்வாய்

டூட்டி. ஒரு டிரான்ஸ்பார்மரில் பீஸ் போயிருந்தது. எழுத ஒன்றும் இல்லை. இன்று எத்தனை முறை என்று தெரியாது.

27.7, புதன்

பொய் சொல்வதை நிறுத்துவது என்று முடிவு. சாயங்காலம் மச்சான் வீட்டு வாசலில் மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். அக்கா உள்ளேயிருந்து, "உனுக்கு இன்னா பைத்தியமா? கொழந்தகிட்ட போயி!" என்று கத்தினாள். நான் நிறுத்தவில்லை.

"பாப்பா, ம்மே ஊருக்குப் போவல. வெட்டிட்டாங்க. செத்துப்போச்சு."

"ம்."

"நைனாதான் வழி சொன்னேன்."

"ம்."

"அம்மாவும் ஊருக்குப் போவல. செத்துப்போச்சு. இனிமே வராது."

"ம்."

கதை கேட்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினாள். அக்கா அழுகிற சத்தம் கேட்டது. பாப்பா என் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல பாப்பா."

கொஞ்சம் யோசித்தாள். "மாடு வரும்" என்றாள், எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித் தருகிற மாதிரி. இறங்கி என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

மேய்ச்சலுக்குப் போனவை திரும்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சொல்லவில்லை. தெருமுனையில் போய் நின்றோம்.