தலையணைக்கடியில் வைத்த பணம்

அன்புள்ள கண்ணாடிக்கடைக்காரருக்கு,

உங்கள் லிஃப்டுக்காரி எழுதுவது. நலமாக இருக்கிறேன், சளி மட்டும் விட்டபாடில்லை. உங்கள் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்கலாம் என்றால் நீங்கள் போனையே எடுப்பதில்லை. கடைசியாக எடுத்தபோதும், "தலகாணிக்குக் கீழ பணம் வச்சிட்டுப் போயிருக்கியே, அது யாருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுமையாகப் படியுங்கள்.

இந்த ஊர் எனக்குப் பிடிக்கவில்லை. தெருவெல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது, நின்று பேச ஓர் ஆள் இல்லை. இதற்கு முன்பிருந்த நாட்டில் ஒரே சந்தைக்கடை இரைச்சல். அமைதியாக ஓர் ஊர் கிடைக்காதா என்று உங்களிடம் புலம்பினேன். நம் நாட்டுக்குள்ளேயே, மலையடிவார நகரத்து மருத்துவமனையில் லிஃப்டைச் சரிபார்க்கப் போனபோது, கடல் தெரிந்தால் நன்றாயிருக்குமே என்றேன். கடற்கரை ஊருக்குப் போனதும், உப்புக் காற்றில் இரும்புக் கயிறெல்லாம் துருப்பிடிக்கிறது என்று திட்டினேன். எங்கே இருந்தாலும் அடுத்த ஊர்மேல்தான் கண். நீங்கள் சொல்வது சரி, என் காலில் சக்கரம்தான் கட்டியிருக்கிறது.

மற்றவர்கள் ஊர்களைத் தெருவில் நடந்து பார்ப்பார்கள், நான் லிஃப்டுக்குள் நின்றே பார்த்தவள். இந்த ஊர்க்காரர்கள் உள்ளே வந்ததும் கதவைப் பார்த்தபடி சிலையாகிவிடுகிறார்கள். முந்தைய ஊரில் மூன்று மாடி ஏறுவதற்குள் என் சம்பளம், எத்தனை பிள்ளை, ஏன் இல்லை என்பது வரை விசாரித்துவிடுவார்கள். கடற்கரை ஊரில் ஒரு பெரியவர் கதவு மூடும் பொத்தானை விடாமல் குத்திக்கொண்டே இருந்தார். அதற்கு இணைப்பே கொடுக்கவில்லை ஐயா என்றேன். "தெரியும்மா, கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார். அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. நானும் அந்த ரகம்தானே.

இனி பணத்துக்கு வருகிறேன். போன மாதம் நான் கிளம்பிய அன்று நீங்கள் சீக்கிரமே கடை திறக்கப் போய்விட்டீர்கள். அதன்பிறகு என்னவெல்லாம் செய்தேன் என்று இங்கே உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். நனைந்த துண்டைக் குளியலறைத் தரையில் போட்டேன். எதையாவது விட்டுவிட்டேனா என்று கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தேன். பல் துலக்கும் பிரஷ் வரை பெட்டியில் எடுத்து வைத்தேன். அறையைச் சுத்தம் செய்பவருக்கென்று தலையணைக்கடியில் ஒரு நோட்டை வைத்தேன். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். ஓட்டல் அறையைக் காலி செய்யும்போது செய்வதை எல்லாம் நம் வீட்டில் செய்திருக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை, சத்தியமாக. கை பழகிப்போய்விட்டது.

உங்கள் அக்கா போன் செய்தார். "துரும்புகூட விடாம எடுத்துட்டுப் போயிட்டா, இனி அவ வரமாட்டான்னு நான்தான் தம்பிகிட்ட சொன்னேன்" என்று என்னிடமே சொன்னார். மறைத்துப் பேசத் தெரியாத மனுஷி. முதலில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு, அந்த அறையைப் பார்த்த யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. ஆனால் நீங்களும் நம்பிவிட்டீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

கம்பெனியில் இன்னும் இரண்டு வருடம் வெளிநாட்டிலேயே இருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். முன்பென்றால் அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றிருப்பேன். இப்போது, என் வீட்டுக்கே விருந்தாளியாகிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. முடியாது என்று சொல்லப் போகிறேன். அதற்காக வீட்டோடு கிடப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நாலு நாள் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும், போய்ப் போய்த்தான் வருவேன். ஆனால் எங்கே போனாலும் நம் வீட்டிலிருந்து போனவளாக இருக்க வேண்டும்.

மாதக் கடைசியில் வருகிறேன். நம் கட்டிடத்து லிஃப்ட் இன்னும் ஓடவில்லையாமே. லிஃப்டுக்காரி வீட்டு லிஃப்டே படுத்துக்கிடக்கிறது என்று கீழ்வீட்டுக்காரர் சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வருகிறேன். என்னிடம் சாவி இல்லை, மணிதான் அடிக்க வேண்டும். முழங்காலைச் சாக்குச் சொல்லாமல் நீங்களே எழுந்து வந்து திறங்கள். அந்த நோட்டை எதற்காவது செலவழித்துவிடுங்கள், என் கண்ணில் பட வேண்டாம். அடுத்த தடவை நான் கிளம்பும் நாளில் மட்டும் கடையைக் கொஞ்சம் தாமதமாகத் திறங்கள். சாவியை உங்கள் கையாலேயே என் பையில் போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
படியேறி வரப்போகும்
உங்கள் மனைவி