ஒரு சுற்று கூடுதலாக

மார்ச் 3

பழைய டிராக்டரின் இடது முன்சக்கரத்தை இன்றுதான் கழற்றினேன். போன வருடம் ஓடும்போதே இந்தச் சக்கரம் இறுகி, வண்டி வாய்க்காலில் இறங்கி, ஓட்டிய என் மனைவிக்குத் தோள் எலும்பு முறிந்தது. முன் ஆக்சிலைப் புதுப்பிக்காமல் ஏறமாட்டேன் என்கிறாள். நியாயம்தான்.

சக்கரம் மாட்டும் ஹப்பைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. உள்ளே கிரீஸ். கருகியிருக்கிறது, ஆனால் வழிய வழிய இருக்கிறது.

"சொட்டு கிரீஸ் வைக்கலையேடா" என்று, அந்தச் சக்கரத்தை மாட்டித் தந்த மைத்துனனை ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டேனே, நாக்கில் நரம்பில்லாமல்! பிறகு ஊர் முழுக்கச் சொன்னேன். அன்று போனவன் அக்கா வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

மார்ச் 4

பேரிங் உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கின்றன. கிரீஸ் இருந்தும், நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால்தான் இப்படிச் சூடேறும்.

இறுக்கியது யார்? நான்தான். அவன் பதமாக வைத்துவிட்டுத்தான் போனான். பைக் ரிப்பேர் பார்க்கிற பயலுக்கு டிராக்டர் என்ன தெரியும் என்று, ஸ்பானரில் குழாயைச் செருகி இன்னொரு சுற்று சுற்றினேன். பத்திரமாக இருக்கட்டுமாம்!

மார்ச் 6

சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 7

மனைவியிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "நானும் நம்பிட்டேனே" என்றாள். கொஞ்சம் கழித்து, "என்கிட்ட சொல்லி என்னங்க? அவன்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

மார்ச் 9

மைத்துனனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"புது பேரிங் வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன்."

"தொடாதீங்க. நான் வர்றேன்."

மார்ச் 12

வந்தான். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தினான். மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்து, நட்டு நகராமல் பூட்டும் பின்னைச் செருகினான். "போதுமா?" என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"வலது பக்கத்தையும் கழட்டுங்க மச்சான். அதுலயும் கை வெச்சிருப்பீங்களே" என்றான், சிரிக்காமல். கழற்றினோம். அதுவும் இறுக்கம்தான். வெட்கமாக இருந்தது.

மாலையில் அவளே ஓட்டினாள். மட்கார்டில் அவள் தம்பி. எனக்கு இடமில்லை, பின்னாலேயே நடந்தேன். தெருமுனைக் கடைக்காரர் கூப்பிட்டு, "என்ன, கிரீஸ் வைக்காதவரு திரும்ப வந்துட்டாரா?" என்று கேட்டார்.

நின்றேன். "அவன் கிரீஸ் வெச்சுத்தாங்க இருந்தான். நான்தான் கெடுத்தேன்" என்று ஆரம்பித்தேன். முழுவதையும் சொல்லி முடிப்பதற்குள் டிராக்டர் வெகுதூரம் போயிருந்தது.