சினை நண்டுகளை எண்ணியவளுக்கு

களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல்மேட்டை நேற்று வெட்டிவிட்டார்கள். காலையிலிருந்து களப்புச் சேற்றின் வாடை வீடெல்லாம் நிற்கிறது. யன்னலைச் சாத்தப் போனவள் சாத்தாமலே நின்றுவிட்டேன். இந்த வாடையோடுதான் நீ பின்வாசலால் வருவாய், முழங்கால்வரை சாரி நனைந்து. உன் உம்மா ஏசத் தொடங்குமுன் வாளியில் தண்ணீர் வைத்துவிடுவேன்.

இந்த ஊரிலிருந்து விலங்கியல் படிக்கப் போன முதல் பெண் நீ. ஊர் உனக்குக் கொடுத்த பட்டம் ‘நண்டு டீச்சர்’. குமர்ப்பிள்ளை தனியாகக் களப்புக்குப் போவதா என்று உன் காக்கா, என் கணவர், என்னைத் துணைக்கு அனுப்பினார். நான் குடையோடு கரையில் நிற்பேன். நீ சேற்றில் இறங்கி, தோணிக்காரர்களின் கூடைகளைத் திறக்கச் சொல்லி, சினை நண்டுகளை எண்ணி, படம் கீறி, கொப்பியில் எழுதிவைப்பாய்.

“மச்சி, வாய் வெட்டினதும் இதுகள் முட்டை விடக் கடலுக்குப் போகுது. இந்த ரெண்டு கிழமையும் பிடிக்காம உட்டா அடுத்த வருசமும் நண்டு இரிக்கும்.”

“கெதியா வா கா, சோறாக்கணும்,” என்பேன். எனக்கு வெயில்தான் பெரிதாக இருந்தது.

பிறகு உன் நண்டுக் கணக்கைக் கேள்விப்பட்டு அந்தப் பேராசிரியர் வந்தார். நீ பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த நேரம். பகல் சாப்பாடு கொடுத்தோம். உன் கொப்பிகளைப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லிக் கேட்டார். படித்த மனிதர், வீடு தேடி வந்தவர். மூன்று கொப்பிகளையும் தாளில் சுற்றிக் கொடுத்தது நான்தான்.

கொப்பிகள் திரும்பி வந்தன. கொஞ்சக் காலத்தில் அவருடைய ஆங்கிலப் புத்தகமும் வந்தது. நீ கீறிய படங்கள், நீ எண்ணிய கணக்கு, அட்டையில் அவர் பெயர். உள்ளே, ‘உள்ளூர் உதவியாளர் ஒருவருக்கு’ நன்றி. நீ அதை வாசித்துக் காட்டியபோது நான் அழுதேன். நீ அழவில்லை. அவருக்கு ஒரு கடிதம் எழுதினாய். பதில் இல்லை.

“உடுங்க மச்சி. நண்டுக்கு அவர்ர பேரும் தெரியா, என்ட பேரும் தெரியா.”

என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். வாரப் பத்திரிகைக்குத் தமிழில் எழுத உட்கார்ந்தாய். கடைசிவரை எழுதினாய். தோணிக்காரர்கள் வாசித்தார்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துச் சொன்னார்கள். சினை நண்டைத் திரும்பத் தண்ணீரில் விட்டார்கள். உனக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு ஒருநாளும் போதவில்லை.

போன மாதம் உனக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். மேடையில் உன் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு, அந்தப் புத்தகம்தான் நம் களப்பைப் பற்றிய முதல் ஆய்வு என்று ஒருவர் புகழ்ந்தார். அந்தப் பெரிய மனிதருக்கு உதவும் பாக்கியம் உனக்குக் கிடைத்ததாம். நினைவு மலரிலும் அப்படியே அச்சடித்திருந்தார்கள். எழும்பினேன்.

“உம்மா, இருங்க. கடைசியில கதைக்கலாம்,” என்றார் தலைவர்.

“இவ்வளவு நாளும் சும்மா இருந்தது காணும், மகன். அது அவ எழுதினது. கொப்பியக் களவு குடுத்தது நான்.”

பின்வரிசையில் ஒரு முதிய தோணிக்காரர் எழும்பினார். “ஓம், டீச்சர்தான் எங்கட கூடையத் தொறந்து பாத்தவ. வேற ஒருத்தரும் களப்புக்க எறங்கல்ல.”

கூட்டம் முடிந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை. மிச்சமிருந்த மலர்களில் அவர்கள் அந்த வரியை வெட்டி, உன் பெயரைப் போட்டு ஒட்டும்வரை மண்டப வாசலில் கதிரை போட்டு இருந்தேன். ஒட்டினார்கள். ஏற்கெனவே கொண்டுபோனவர்களின் வீடுகளில் பொய்தான் இருக்கிறது. அந்தப் புத்தகமும் அப்படியேதான் இருக்கிறது.

அந்தப் பேராசிரியரும் மௌத்தாகிவிட்டாராம். அவருக்கும் துஆக் கேட்கச் சொல்கிறார் உன் காக்கா. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்துகிறேன். உனக்குக் கேட்கிறேன். நான் செய்ததற்கு மன்னிப்பும் கேட்கிறேன். அவர் பெயர் வரும்போது என் வாய் மூடிக்கொள்கிறது.