நனைத்தவருக்கு மலிவுத் தண்ணீர்

ஃபௌலர், கலிபோர்னியா
9 ஜூன் 1991

அன்புத் தம்பி ஹாகோப்,

இங்கே எல்லோரும் சுகம். கால்வாய் வாரியத்துக்கு நீ வகுத்துக் கொடுத்த புதுத் தண்ணீர்க் கட்டணத் திட்டம் வந்தது. அவரவர் சில வருடமாய்ப் பாய்ச்சிய சராசரி அளவு வரை இப்போதைய விலை, மேலே போனால் நான்கு மடங்கு. நன்றாய் இருக்கிறது, ஊரார்க்கு!

உன் பேச்சைக் கேட்டுத்தானே திராட்சைக்குச் சொட்டுக் குழாய் போட்டேன்? என் சராசரி பாதியாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக் கோஸ்டா பாய்ச்சும் தண்ணீரில் வாத்து நீந்தும்; அவருக்குச் சராசரி மலைபோல் இருக்கிறது. "உன் தம்பி எனக்குத் தம்பியாப் பொறந்திருக்க வேண்டியவன், சிரனுஷ்" என்று வேலியில் நின்று சிரிக்கிறார். புதிதாய் நட்ட எட்டு ஏக்கர் கொடி அடுத்த வருடம் அதிகம் குடிக்கும். மேல்விலைக்கு வாங்க என்னால் ஆகாது. பிடுங்கத்தான் வேண்டும்.

உன் அக்கா,
சிரனுஷ்


சாக்ரமெண்டோ
17 ஜூன் 1991

அன்புள்ள அக்கா,

நீ சொல்வது சரி. சிக்கனக்காரரை மறந்துதான் போனேன். இப்போது திருத்தினால் அக்காவுக்காகத் திருத்தினான் என்பார்கள்.

ஒன்று சொல்கிறேன், படித்ததும் கிழித்துவிடு. சராசரியில் இந்த வருடமும் சேரும், அதைச் செப்டம்பரில்தான் ஊருக்கு அறிவிப்பார்கள். மதகைத் திறந்து இப்போதே தாராளமாய்ப் பாய்ச்சு.

ஆகஸ்டில் தேவாலயத்தில் திராட்சைக்கு ஆசீர்வாதம் அன்று வருகிறேன். எனக்கொரு கொத்து எடுத்து வை.

ஹாகோப்


ஃபௌலர்
3 ஜூலை 1991

தம்பி,

இரண்டு நாள் திறந்துவிட்டேன். கொடிக்கு வேண்டாத தண்ணீர் வரப்பு தாண்டி ஓடியது. பார்க்கக் கூசியது. மூன்றாம் நாள் கால்வாய்க் கடைசியில் பீச் மரம் வைத்திருக்கும் லூப்பே வந்தாள். அவள் மதகில் ஈரமே இல்லை. கோபப்படவில்லை. "அக்கா, உங்க குழாய் ஏதும் ஒடஞ்சு போச்சா?" என்று கேட்டாள். அவள் முன்னாலேயே போய் மதகை அடைத்தேன்.

நேற்று வாரியக் கூட்டத்தில் உன் கடிதத்தை வாசித்துவிட்டேன். பெயரை மட்டும் விட்டுவிட்டேன். எனக்கு இருப்பது ஒரே தம்பி என்பது ஊருக்கே தெரியும், அது எனக்கு அப்போது தோன்றவில்லை. சராசரிக் கணக்கையே ரத்து செய்துவிட்டார்கள். இனி பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே அளவு. என் கொடி பிழைத்தது. உன்னை வாரிய வேலையிலிருந்து நீக்குவதாகவும் அங்கேயே தீர்மானம் போட்டார்கள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

திட்டியாவது எழுது.

சிரனுஷ்


ஃபௌலர்
1 செப்டம்பர் 1991

அன்புத் தம்பி,

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. ஒன்றுக்கும் பதில் இல்லை.

திராட்சைக்கு ஆசீர்வாதம் ஆகி இரண்டு வாரம் ஆகிறது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிரியார் கையில் கொடுத்த கொத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது பழம் காகிதத் தட்டுகளில் காய்கிறது. இந்த வருடம் நல்ல விளைச்சல். அன்று வாசித்தது தப்பு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. உன்னிடம் முதலில் சொல்லாதது தப்பு.

ஆசீர்வாதத்துக்கு முன் நம் வீட்டில் யாரும் பழத்தைத் தொடமாட்டோம். அது முடிந்தும் நான் இன்னும் ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை. உன் கொத்து குளிர்பெட்டியில் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

அக்கா